எறும்புக்கும் கேடில்லாத மண்டபம்

சிரிக்க வைக்கிறேன். ஆனால் செத்த நேரம் பொறுக்கணும்.

கருப்புசாமி மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. கன்னிவாடி ரோட்டில் புதுசாகக் கட்டிய பொருட்காட்சி மண்டபத்தில் அவர்தான் பூச்சு வேலை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டபோது கொதித்து முகத்தில் தெறித்துவிட்டது. இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"திறப்பு விழாவுக்குப் போனியே அப்பு, என்னப் பத்தி ஏதாச்சும் பேசுனாகளா?"

நாலு நாளாக அவர் கேட்ட ஒரே கேள்வி.

"அம்புட்டையும் டேப்புல பிடிச்சாந்திருக்கேன் மாமா. நீங்களே கேளுங்க."

டேப் ரெக்கார்டரைக் கட்டிலில் வைத்து 'டக்'கென்று பட்டனை அமுக்கினேன். உள்ளே கேசட் கிடையாது. பக்கத்துக் கட்டில் நல்லுசாமி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் எங்கள் தெருதான்; அங்கே நான் பேசிக் காட்டாத குரல் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் மைக் செட்காரர். "அலோ, அலோ, செக்." கூடவே அந்தக் 'கொய்ங்'. அடுத்து, மூக்கால் பேசும் இன்ஜினீயர் பிராங்க்ளின் சார்.

"பெரியோர்களே, இங்க ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. உச்சியில இருக்குற காத்துக்கூண்டு வெக்கையை இழுத்து வெளிய விட்டுரும். கூரைக்குள்ள மண்பானை அடுக்கியிருக்கோம், வெயில் இறங்காது. சுவரு இந்த ஊரு மண்ணு. சிமெண்டுக்குப் பதிலா சுண்ணாம்பு. காத்தைக் கெடுக்குற புகை கிட்டத்தட்டப் பூஜ்யம். இந்தக் கட்டடத்தால ஒரு எறும்புக்குக்கூடக் கேடில்லை."

கைதட்டலை நாக்கை வைத்தே சமாளித்தேன்.

அதற்குள் நர்ஸ் ஆனந்தி வந்து காலி டேப்பைப் பார்த்துவிட்டாள். என் காதைத் திருகி, மெதுவாக, "கண்ணு போன மனுசனைப் போயி ஏமாத்துறியே, வெக்கமா இல்ல?" என்றாள்.

காதை அவளிடமே விட்டுவிட்டு சார் குரலில் தொடர்ந்தேன்.

"இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்குல்ல? இது கருப்புசாமியோட கை வேலை. இதுக்காகத் தன் கண்ணையே குடுத்திருக்காரு. வாசல்ல கல்வெட்டு வச்சா, முதல் பேரு கருப்புசாமி பேரா இருக்கணும்."

ஆனந்தியின் பிடி தளர்ந்தது. நல்லுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமா டேப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "அந்தக் கடைசித் துண்டை மறுபடி போடு அப்பு" என்றார்.

டேப் பின்னால் சுற்றும் சத்தத்தையும் வாயாலேயே விட்டு, மறுபடி போட்டேன்.

மாமா சிரித்தார். கட்டுக்குக் கீழே கன்னம் மட்டும் குலுங்கியது.

"எறும்பு வரைக்கும் சாரு பேசுனது. அதுக்கப்புறம் நீ பேசுனது."

"எப்படி மாமா கண்டுபிடிச்சீக?"

"எம்பேரு அவருக்குத் தெரியாதுல்ல. 'ஏய் சுண்ணாம்பு'ன்னுதான் கூப்புடுவாரு."