ஸ்டார்ட்டிங் ட்ரபிள்

விக்ரம் அந்தப் பழைய காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

நாமக்கல்லில் பழைய லாரிகளை வாங்கி விற்கும் அவன் அப்பா முதலில் செய்வது அதைத்தான். பானெட் சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. போனில் சொன்ன கோளாறையே வாசலில் மறுபடியும் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவள் காரை விற்கும் நரசிம்மனின் மகள் அக்‌ஷயா. அப்பாவைத் தன்னோடு பெங்களூருக்கு அழைத்துப் போக லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"நெனச்சா ஸ்டார்ட் ஆகும், இல்லேன்னா ஆகாது. எங்கம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தன்னிக்கு ஆகலை. தெரிஞ்சுண்டு வாங்குங்கோ."

அவள் கீழே இறங்கி வரவில்லை. அந்தக் காரின் பக்கத்தில்கூட வரமாட்டாள் என்றார் நரசிம்மன், படியில் இறங்கும்போது.

காயலான் கடை விலை. அதையும் விக்ரம் போனில் அந்தக் கோளாறைச் சொல்லிச் சொல்லியே இன்னும் இறக்கியிருந்தான். மழை பெய்தால் பாலிகஞ்சில் அவன் இருக்கும் தெருவுக்கு எந்த டாக்ஸியும் வருவதில்லை. மனைவி மஹிமாவுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏதோ ஒரு கார் வேண்டும். பழுதைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

நரசிம்மன் பின் இருக்கையில் ஏறினார். முன்னால் வரச் சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஏரியைச் சுற்றிப் போனார்கள். மரத்தடியில் நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டான். பிடித்தது. ஏசியை முழுதாக வைத்து டாகுரியா பாலத்தில் ஏறினான். பாலத்தின் நடுவே நெரிசலில் வேண்டுமென்றே அணைத்தான். பக்கத்தில் நின்ற மினிபஸ்ஸின் கண்டக்டர் குனிந்து, என்ன தாதா, தூங்கியாச்சா என்று அண்ணன் முறை வைத்து வங்காள மொழியில் கேட்டார்.

சாவியைத் தொட்டதுதான் தாமதம். பிடித்தது.

பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அது போதும். இந்த இன்ஜினில் ஒன்றும் இல்லை.

சொல்லலாமா? சொன்னால் விலை ஏறும். சொல்லாவிட்டால், மனைவியைப் பறிகொடுத்த ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி.

பாலத்திலிருந்து இறங்கினான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு லோக்கல் ரயில் கடந்து போனது. கேட் திறக்கவில்லை. இன்னொன்று வர வேண்டும் போலிருக்கிறது. விக்ரம் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இந்த வண்டில ஒரு கோளாறும் இல்ல. ரிப்பேர் ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லை."

பிறகு, "கோளாறு எப்பவுமே இருந்ததில்லை" என்றார்.

விக்ரம் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். அவர் காலியாக இருந்த முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ராகுகாலம் முடியட்டும்னு உக்காந்துண்டிருந்தேன். சாவி கையிலதான் இருந்தது. அவ அங்க, முன்னால. இப்போ கொஞ்சம் தேவலைன்னா. அதனால..."

அடுத்த ரயில் வந்தது. அதன் சத்தம் முழுதும் அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"அக்‌ஷயாகிட்ட வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிட்டேன். நீங்க அவகிட்ட போய் நன்னா ஓடறதுன்னு சொல்லிடாதீங்கோ. விலையை ஏத்திக் கேக்கமாட்டேன்."

விக்ரம் தலையாட்டினான். விலை ஏறாது என்று கேட்டதும் உள்ளே ஒரு நிம்மதி பரவியது. அது தன்னுடைய நிம்மதிதான் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகே கேட் திறந்திருப்பதைப் பார்த்தான்.

மாடியில் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்கள். அக்‌ஷயா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஓட்டிப் பாத்தேளா?"

"பார்த்தேங்க. நீங்க சொன்ன மாதிரிதான். பாலத்து மேல படுத்துக்கிச்சு."

அவள் உள்ளே போகத் திரும்பினாள். போகிற போக்கில் அப்பாவின் தோளில் கையை வைத்தாள். எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நரசிம்மன் டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது. அவர் குடிக்கவில்லை.

கீழே வந்து விக்ரம் காரில் ஏறினான். நரசிம்மன் வழியனுப்ப வந்து, காம்பவுண்ட் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

நிமிர்ந்து பார்த்தபோது அக்‌ஷயா பால்கனிக்கு வந்திருந்தாள். அந்தக் கார் ஒருவழியாகத் தொலைவதைப் பார்க்க நினைத்திருக்கலாம். கம்பியில் இரு கைகளையும் ஊன்றி, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாவியைப் போட்டால் உடனே பிடித்துவிடும்.

விக்ரம் போடவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தான். நிமிர்ந்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஒன்றும் செய்யாமல் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

மேலே அவள், நான்தான் சொன்னேனே என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள்.

கையில் சாவி சூடேறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், என்று நினைத்துக்கொண்டான்.

கேட்டருகே நின்ற நரசிம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.