வலை மேல் நின்ற பந்து

கதிரேசன் அடித்த டென்னிஸ் பந்து வலையின் மேல்விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் விழுந்தால் ஆட்டம் அவனுக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலையும் அவனுக்கு. இந்தப் பக்கம் விழுந்தால், காலையிலிருந்து அவனை வதைக்கிற அதே டியூஸ். வலையைத் தொட்டாலும் புள்ளி போச்சு, வாயைத் திறந்து கத்தினாலும் போச்சு. எதிரே செல்வநாயகம் ஓங்கிய மட்டையை இறக்கவில்லை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. பந்தில் லேசாகப் பாசி பிடித்தது. தினமும் வெளியிலிருந்து சோறு நீட்டிக்கொண்டிருந்த கதிரேசனின் பெண்டாட்டி பூங்கொடிக்குக் கார்த்திகையில் பொறுமை போய்விட்டது. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, உயர நாற்காலியில் குடைபிடித்திருந்த நடுவரிடம் கேட்டாள்.

“ஐயா, எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சாரா, இல்லையா?”

“அட்வான்டேஜ்ல இருக்காரும்மா.”

“அப்படின்னா?”

“இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தா ஜெயிச்சிருவாரு. விட்டா டியூஸ். ரெண்டு பேரும் சமம், அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு எடுக்கணும்.”

“கல்யாணம் ஆன நாளா அப்படித்தான் இருக்காரு” என்றாள் பூங்கொடி. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வலையருகே போய், சூடான சோற்றை ஊதுகிறவள் மாதிரி உதட்டைக் குவித்தாள். கேட் இருந்தது செல்வநாயகத்தின் பக்கம். அவள் நின்றதும் அங்கேதான். கதிரேசன் கத்த முடியாமல் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான்.

“இருங்க, அவசரப்படாதீங்க, இதோ ஆச்சு” என்று அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.