மீதி பதினேழு

பென் டிரைவைச் செருகியதும் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழும்பியது. இந்தக் கருவி இன்னும் வேகமாக ஓடும், வேகமான யூஎஸ்பி துளையில் செருகுங்கள் என்றது.

இருந்தால் செருக மாட்டாளா?

ஏழு வருடப் பழைய கம்ப்யூட்டர். தலைதீபாவளிக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கல்யாணச் சீர்ப் பட்டியலில் அது இல்லை. அதனால் கணவனைப் பிரியும் பேச்சில் கட்டிலும் பீரோவும் அவளுக்குத் திரும்பின. கம்ப்யூட்டர் அவனிடமே தங்கிவிட்டது.

அதற்குள் இருக்கும் அவள் ஆய்வை எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ரொம்பப் பெரிய மனசு.

நாற்பது ஒலிப்பதிவுகள். பீடி சுற்றும் நாற்பது பெண்கள், கடைக்காரர்கள் தங்களை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று அவளை நம்பிச் சொன்னவை. ஒவ்வொன்றுக்கும் பெயரையும் தெருவையும் போட்டு அவளே சேமித்திருந்தாள். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவனுடைய பெரியப்பா வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வாட்ச். ஊரில் பாதிப் பேர் அவர் கடைக்குத்தான் பீடி சுற்றுகிறார்கள்.

பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

காபி வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குடித்திருக்க மாட்டாள்.

ஐம்பது நிமிடத்தில் இருபத்து மூன்று ஏறியிருந்தன.

கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த அவன் சிரித்தான்.

"மிச்சம் எங்க போவப் போவுது? நான் பொறுமையா கேட்டுட்டு அனுப்புதேன்."

அவள் திரும்பவில்லை. அவனை வெறுக்கக்கூட நேரமில்லை.

பெரியப்பா எழுந்து வந்தார். அவள் தோளுக்கு மேலே குனிந்து, திரையின் கடைசி வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"வள்ளிமயில், கீழத்தெரு. நம்ம கடைக்குச் சுத்துனவல்லா? அதப் போடு, கேப்போம்."

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.



நகலெடுப்பதை நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் இருந்த நாற்பதையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது.

ஆம்.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் போதாத இடத்தில், அழிவதற்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

"என்னட்டி செஞ்ச?" அவன் எழுந்து உட்கார்ந்தான்.

பென் டிரைவைப் பிடுங்கினாள். பெரியப்பாவின் நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

மீதிப் பதினாறு பேர் வீட்டுக்கும் திரும்பப் போகலாம். திட்டுவார்கள், பிறகு உட்காரச் சொல்வார்கள்.

வள்ளிமயில் போன மாதம் இருமி இருமிச் செத்துப்போனாள். அவள் மகள் இன்னும் அந்தக் கடைக்குத்தான் சுற்றுகிறாள்.