மூவரும் கண்ட கப்பல்

அரசியல் படிக்கச் சகரியாவுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது: அலிகார், லண்டன். கனவில் வழி காட்டும்படி வாப்பா, உம்மா, சகரியா மூன்று பேரும் இஸ்திகாராத் தொழுதுவிட்டுப் படுத்தார்கள். ரயில் வந்தால் அலிகார். கப்பல் வந்தால் லண்டன்.

லண்டனில் ஜெர்மன்காரன் குண்டு போடுவான் என்று பத்திரிகைகள் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம். சகரியாவுக்கு அலிகாரே போதும் என்றிருந்தது. ஆனால், மகன் லண்டன் போகிறான் என்று புத்தளம் கடைத்தெரு முழுக்க வாப்பா சொல்லியாயிற்று.

காலையில் வாப்பா கேட்டார்: "என்ன மகன், கண்டியா?"

உப்பு வியாபாரத்தில் விலை பேசிப் பழகிய வீடு. எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள்.

"கப்பல், வாப்பா" என்றான் சகரியா.

வாப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கும் கப்பல்தான்."

"எனக்கும்" என்றார் உம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "பெரிய கப்பல்."

"அப்ப வேற கதை இல்ல."

வாப்பா தபால் கந்தோருக்குப் போய் லண்டனுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தார்.

உம்மாவின் தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"ராவு முழுக்க மூணு பேரும் புரண்டு புரண்டு பெருமூச்சு விட்டீங்க. எனக்கும் உறக்கமில்ல. ஒருத்தரும் கண் மூடாம, கனவு மட்டும் எப்படி வந்த?"

வாப்பா மெல்லத் தொப்பியை எடுத்தார்.

"அடிச்ச தந்திய தபால் கந்தோர்ல திருப்பித் தருவாங்களா?"