கயிற்றின் மறுமுனை

“விட்டுட மாட்டியே?”

“விட மாட்டேங்க. வேற எவருக்கும் பிடிக்கவும் மாட்டேன், போதுமா? சீக்கிரம் ஏறுங்க.”

பதினெட்டு வருடங்களுக்கு முன், கல்யாணமான மூன்றாம் மாதம், பொழுதுபோக்குப் பூங்காவின் சிறுவர் அரங்கத்தில் திரைக்குப் பின்னால் நடந்த பேச்சு அது. அன்று முதல் அவர் சாம்பல் பருந்தாக மேடைக்கு மேலே இருபதடி உயரத்தில் பறந்தார். மனைவி தோல் கையுறை மாட்டிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.

பாதிப் பாரத்தை எடைக்கல் சுமக்கும். மீதி அவள் கை. கயிறு இரண்டு முறை அசைந்தால் இழுக்க வேண்டும். அந்தச் சைகை அவர்கள் இருவருக்குள் மட்டுமே இருந்தது.

அப்போதெல்லாம் பிள்ளைகள் சாம்பல் பருந்தின் படக்கதைப் புத்தகத்தோடு வந்து கையெழுத்துக் கேட்பார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. பெல்ட் இறுக்கினால் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்கு வந்துவிடும் என்று வெறும் வயிற்றோடுதான் பறப்பார்.

இப்போதும் கையெழுத்துக் கேட்பவர்கள் அதே பிள்ளைகள்தான், தொந்தியும் வழுக்கையுமாக. போன மாதம் ஒருவர் தன் மகளைத் தூக்கி வந்து மேடையருகே நிறுத்தினார்.

“பாரு, இவர்தான் சாம்பல் பருந்து. அப்பா சொல்வேன்ல?”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மின்மினி எப்ப வருவா?”

மின்மினி, புதிய படக்கதையின் நாயகி. பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாவற்றிலும் இப்போது அவளுடைய பச்சை முகமூடிதான்.

வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாங்க கைதட்டுறாங்க, பிள்ளைங்க கொட்டாவி விடுதுங்க. இந்த ஞாயிறுலேர்ந்து மின்மினிதான். நீங்க ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பேசிக்கலாம்.”

“யாரு பறக்கிறது?”

“புது ஆளுண்ணே.”

“கயிறு?”

மேலாளர் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார். அது பேனாவில்தான் இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். “ம். பிள்ளைங்க இப்ப அதைத்தானே கேக்குதுங்க” என்றாள், கை நிற்காமல்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. மூன்று வாரமாகக் காட்சி இல்லாத நாட்களில் மத்தியானமானால் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த அக்காவுக்குப் போன் போட்டார்.

“இங்கயா? அவ வந்து ரெண்டு மாசமாச்சே. நல்லாயிருக்காளா?”

எல்லாம் விளங்கிவிட்டது. புது ஆளுக்கு ஒத்திகை நடந்திருக்கிறது. இவள் போய்க் கயிறு பிடித்திருக்கிறாள். பிள்ளைகள் மறந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் எதைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. இவளுமா?

ஞாயிறு காலை அவள் தட்டைத் தொடவில்லை. “வயிறு சரியில்லைங்க” என்றாள்.

எப்படி இறங்கும், மனசாட்சி தொண்டையில் நிற்கும்போது என்று நினைத்துக்கொண்டார். “அக்கா வீட்டுக்கா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க.” அந்தப் பொய்யைக்கூட அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவள் போன பிறகுதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் கையுறை தொங்குவதைப் பார்த்தார். அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பதினெட்டு வருடம் கயிறு ஓடி ஓடி உள்ளங்கையில் பள்ளம் விழுந்திருந்தது.

எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் காலடியில் அதை வீசிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். எனக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?

அரங்கத்துக்குள் “மின்மினி, மின்மினி” என்று கூச்சல் கூரையைப் பிய்த்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம்தான். ஒரு காலத்தில் அதில் அவர் பெயர் இருந்தது. பின்வாசல் வழியாகத் திரைக்குப் பின்னால் போனார்.

கயிறு இருந்தது, எடைக்கல் இருந்தது. பிடிக்க வேண்டிய இடத்தில் ஆளில்லை.

மேலாளர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். “வந்துட்டீங்களாண்ணே? கண்டிப்பா வருவீங்கன்னு அவங்க சொன்னாங்க. எனக்குத்தான் நம்பிக்கையில்ல.”

“எவங்க?” என்று கேட்பதற்குள், திரையைத் தூக்கச் சொல்ல ஓடிவிட்டார்.

கயிறு இரண்டு முறை அசைந்தது.

அவர் கயிற்றின் போக்கிலேயே பார்வையைக் கொண்டுபோனார். மேடை ஓரத்து இருட்டில், இடுப்பில் பெல்ட்டும் முகத்தில் பச்சை முகமூடியுமாக மின்மினி நின்றிருந்தாள்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கையுறையைப் பார்த்தாள். பிறகு முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“ஏங்க, பதினெட்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். ஒரே ஒரு தடவை எனக்கு நீங்க பிடிங்களேன்.”