மறுபடி ஏற்றவா?

புரோகிராம் எழுதுவதற்கான ஐடிஇ என்ற பெரிய மென்பொருள் என்றாலே அண்ணனுக்கு ஆகாது. "நாலு வரி அடிக்க விமானம் ஓட்டணுமா?" என்பான். புரோகிராம் ஃபைலை ரைட் கிளிக் செய்து, வெளியே ஒரு சாதா எடிட்டரில் திறந்துதான் எழுதுவான். அவன் சேமித்ததும், ஆபீஸில் பக்கத்து மேசையில் அதே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் தங்கையின் ஐடிஇ கேட்கும்: "ஃபைல் வெளியே மாற்றப்பட்டுள்ளது. மறுபடி ஏற்றவா?"

"சும்மா சும்மா நோண்டாதேண்ணா!" என்று கத்துவாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அவனை அடக்கம் செய்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய அன்றும் ஐடிஇ கேட்டது. ஏற்றினாள். அவன் எழுதிய வரி ஒன்றைக் காணோம். மறுநாள் இன்னொன்று. அவளுடைய வரிகளில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. காணாமல் போன அவன் வரிகளைப் பழைய பிரதியிலிருந்து எடுத்துப் போட்டாள். சாப்பிட்டு வருவதற்குள் அவையும் போயிருந்தன.

"சர்வர் கோளாறா இருக்கும்மா," என்றார் மேனேஜர். அண்ணனின் கம்ப்யூட்டர் ஒயர் பிடுங்கப்பட்டு மூலையில் கிடந்தது.

அவனுடைய கடைசி வரியும் போன மதியம், அவள் முதன்முறையாக ரைட் கிளிக் செய்து, அவனுடைய எடிட்டரில் ஃபைலைத் திறந்தாள். அடியில், "போதும் அண்ணா, விட்டுடு" என்று அடித்துச் சேமித்தாள்.

ஐடிஇ கேட்டது. ஏற்றினாள். வரி அப்படியே இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

ஐடிஇ மறுபடியும் கேட்டது.

ஏற்றிப் பார்த்தாள். "போதும், விட்டுடு" என்று இருந்தது. அண்ணா மட்டும் இல்லை.