வெட்டாமல் பழமா?

“எதிராளி காயை வெட்டாம பழம் ஏறுனா அது என்ன ஆட்டமுங்க மாப்பிள்ளை?” என்று தெய்வநாயகி கத்துகிறாள். “இது தாயம் இல்லீங்க அத்தை, லூடோ. வெட்டாமயே ஊட்டுக்குள்ள போலாமுங்க” என்று, பம்பாயிலிருந்து அந்த அட்டையைக் கொண்டுவந்த கந்தவேலும் விடுவதாயில்லை. புளி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அங்கம்மாள், புளி கைக்கு வந்த பிறகும் நகராமல் நிற்கிறாள். நகர முடியுமா? கந்தவேல் ஜெயித்தால் கல்யாணத்துக்குப் பின் சாரதாமணி பம்பாய்க்குப் போவாள். எதிரே உட்கார்ந்து ஆடும் அவள் ஜெயித்தால் அவன் குமாரபாளையத்திலேயே தறி போட வேண்டும். பந்தயம் கட்டியவள் பெண்ணைப் பெற்ற தெய்வநாயகியேதான். ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயிலில் அட்டையின் சிவப்பும் பச்சையும் மிட்டாய்போல் மினுங்குகின்றன. கந்தவேலின் கடைசிக் காய் வீட்டை நெருங்கிவிட்டது. ஆனால் இதுவரை அவன் ஒன்றையும் வெட்டவில்லை. “சரிங்க, வெட்டிட்டே ஏறுறேன்” என்று இறங்கி வருகிறான். வளையல் குலுங்க சாரதாமணி பகடையை உருட்டுகிறாள். நகர்த்த வேறு காய்கள் இருக்க, பத்திரமாக இருந்த காயை எடுத்து அவன் காய்க்கு நேர் முன்னால் வைக்கிறாள். “ஏம்புள்ளே, கண்ணு தெரியலையா?” என்று தாய் அலறுகிறாள். “புது ஆட்டமுங்கம்மா, இன்னும் பழகலை” என்று மகள் தாவணியால் வாயை மூடிக்கொள்கிறாள். கந்தவேல் உருட்டுகிறான். வெட்டு! கொஞ்ச நேரத்தில் பழமும் ஏறுகிறது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் இருவரும் பம்பாய்க்குப் போனார்கள். மகள் ஆட்டம் தெரியாமல் தோற்றாள் என்றே தெய்வநாயகி சொல்லிக்கொண்டிருக்கிறாள். வழியனுப்பப் போன அங்கம்மாளோ, தோற்ற பெண் ஈரோடு ஜங்ஷனில் முதல் ஆளாகத் துள்ளி ரயிலேறியதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.